புகைவீட்டில் செய்த பேஸ்

எண்பத்தெட்டாம் ஆண்டு ஈப்போவில், இசைக்கு அடியில் உறுமும் பேஸ் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை, அதனால். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பகலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்கும் குமாஸ்தா. அலுவலகம் விட்டதும், என் சொந்தக் கணிப்பில், பேராக் மாநிலத்தின் முதல் ஹவுஸ் என்ற டிஸ்கோ ஆட்ட இசைக் கலைஞன். போட்டிக்கு ஆள் இல்லாத ஓட்டத்தில் முதலாவதாக வருவது எவ்வளவு சுலபம் என்று அந்த வயதில் தெரிவதில்லை.

அந்த இசை எங்களிடம் லூமுட் வழியாக வந்தது. என் கூட்டாளியின் சித்தப்பா அங்கே கடற்படையில் சமையல்காரர். கப்பலோடு எங்கோ போய்வந்தவர், பெயர் எழுதாத கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கூட்டாளியிடம் கொடுத்தார். டும் டும் டும் டும் என்று நான்கு அடி, நிற்காமல் ஏழு நிமிஷம். பாட்டு எப்போது தொடங்கும் என்று கூட்டாளி கடைசிவரை பொறுமையாகக் காத்திருந்தான். தொடங்காமலே முடிந்ததும், "பாடுறவன் வரலையா மச்சான்?" என்று கேட்டான். நான் அவனை இரக்கத்தோடு பார்த்தேன். அந்த அடிக்குக் கீழே ஒரு பேஸ் ஓடியது. அது காதில் நுழையாமல் நேராக வயிற்றில் இறங்கியது. அதைப்போல ஒன்றை, அதைவிடக் கனமாக, நானே செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கூட்டாளி 'ரேடியோ செட்' வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுவான். தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வீடு. தோட்டம் என்று பெயர்தான், பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைத்த புகைவீடு மட்டும் இடிக்க ஆளில்லாமல் நின்றது. உயரமான பலகைச் சுவர்கள், ஜன்னல் கிடையாது, மேலே தகரக் கூரை, உள்ளே கூரைவரை சட்டங்கள். கூட்டாளி தன் ஸ்பீக்கர் பெட்டிகளை அங்கேதான் பூட்டி வைத்திருந்தான். அதை நான் ஸ்டூடியோ என்று அழைத்தேன். அவன் கடைசிவரை ஸ்டோர் என்றே சொன்னான்.

அங்கே போக ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. இந்த நாட்டில் ஒருவனைப் பைத்தியம் என்று சொல்ல விரும்பினால் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். நான் கட்டில் விரிப்பில் சுற்றிய ஆள் நீளப் பொட்டலம் ஒன்றை மடியில் கிடத்திக்கொண்டு வாரத்துக்கு மூன்று மாலை அந்த பஸ்ஸில் போனேன். டிக்கெட் கொடுக்கும் அண்ணன் ஒவ்வொரு தடவையும் முகம் மாறாமல் கேட்பார்.

"போறதுக்கு மட்டுமா தம்பி, இல்ல திரும்ப விட்ருவாங்களா?"

பொட்டலத்துக்குள் இருந்தது எங்கள் கோயில் கீபோர்டு. கோயில் என்றால் நாங்கள் கிறிஸ்தவர்கள், ஞாயிறு பூசை நடக்கும் கோயில். வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு புண்ணியவான் நன்கொடையாக அனுப்பியது. சத்தங்களைக் குடைந்து மாற்றவும், இரண்டு சத்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும், அப்படிச் செய்ததை எட்டு எண்களில் சேமித்து வைக்கவும் முடிந்த யந்திரம். அனுப்பியவருக்கு அது தெரிந்திருக்காது. கோயிலில் அதை வாசித்தவள் என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள், பாலர் பள்ளி ஆசிரியை. வாரம் முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுபவளுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். கோயில் கூரை ஒழுகியதால் கீபோர்டு வார நாட்களில் எங்கள் வீட்டில் இருந்தது. நான் அதை எடுத்துப் போவது அவளுக்குத் தெரியும். உபதேசியாருக்குத் தெரியாது. கோயிலையும் பாடகர் குழுவையும் அடக்கி ஆண்டவர் அவர்தான்.

இனி என் வித்தையைச் சொல்கிறேன். கனமான பேஸ் என்பது ஒரே சத்தமல்ல, மூன்று சத்தங்களின் அடுக்கு. அடியில் இருப்பது மழமழவென்ற வெறும் அலை. அதில் இசை என்று ஒன்றும் இருக்காது. காதுக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கும், ஆனால் பாரம் முழுவதும் அதில்தான். நடுவில் ரம்பப் பல் போன்ற கரகரப்பான அலைகள் இரண்டு. ஒன்றை மற்றதிலிருந்து மயிரிழை சுருதி விலக்கி வைத்தால் இரண்டும் உரசிக்கொண்டு தடித்துப் போகும். அதன் கூச்சலை வடிகட்டியால் மூடி, ஒவ்வொரு அடிக்கும் கண் சிமிட்டும் நேரம் மட்டும் திறந்து விடவேண்டும். மேலே மூன்றாவதாக ஒரு சின்னத் தட்டல், அடி விழுந்துவிட்டது என்று காதுக்கு அறிவிக்க. அதற்கு நான் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு என்ற பீங்கான் கிண்ணத்தை, மரம் சீவும் உளிக் கத்தியின் பிடியால் தட்டிப் பதிவு செய்தேன். மூன்றும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்கவேண்டும். அடுக்கு தெரிந்தால் வித்தை தோற்றது.

இதெல்லாம் சரியான பாடம். இன்றைக்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பாடம் சரியாக இருந்தும் ஆள் முட்டாளாக இருக்கலாம் என்பதற்குத்தான் இந்தக் கதை.

மூன்று மாதம் குடைந்த பிறகு ஒரு மாலை, பெட்டிகளை முழுச் சத்தத்தில் வைத்து, கீழே ஜி என்ற சுரத்தின் கட்டையை அழுத்தினேன். புகைவீடு முழுவதும் உறுமியது. கால்சட்டை முழங்காலுக்குக் கீழே படபடத்தது. கூரையிலிருந்து பல வருஷத்துக் கரி என் தலையில் கொட்டியது. அதற்கு அடுத்த கட்டைகளை அழுத்தினேன். அவையெல்லாம் சுமார்தான். ஜியில் மட்டும் அந்தக் கனம் வந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்காமல் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன்: சுரங்களுக்குள் ஜிக்கு இயற்கையிலேயே பாரம் அதிகம். வெள்ளைக்காரர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

கூட்டாளி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "கூரை நல்லா வாசிக்குதுலா மச்சான்" என்றான்.

"ஒனக்குக் காது இருக்கா, இல்ல அதையும் வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கேட்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தலையிலிருந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டு தேநீர் போடப் போனான்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஜியில்தான். முழுப் பாட்டும் ஜியைச் சுற்றியே நின்றது. வேறு சுரத்துக்குப் போனால் கனம் குறைகிறதே, போவானேன்? அதைக் கேசட்டில் பதிந்தபோதும், மங்குத் தட்டலைத் தவிர வேறெதற்கும் மைக் வைக்கவில்லை, கம்பி வழியாக நேராகப் பதிந்தேன். மைக் வைத்தால் வெளிச் சத்தம், தவளைச் சத்தமெல்லாம் கலந்துவிடும் என்று கூட்டாளிக்கு வகுப்பு எடுத்தேன். வீட்டு ரேடியோவில் போட்டுப் பார்த்தபோது பேஸ் கேட்கவில்லை. அது ரேடியோவின் குற்றம் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஈப்போவில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் டிஸ்கோ திறக்கப்போகிறார்கள், நிரந்தரமாக இசை போட ஆள் தேடுகிறார்கள் என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தேன். மேனேஜர் ஒரு சீனர், கட்டடத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஊரில் ஏழு பேர் ஏற்கெனவே வந்து போய்விட்டதாகவும் எல்லோரிடமும் ஒரே கடைக் கேசட்டுகள்தான் இருந்ததாகவும் சொன்னார். நானே செய்த சத்தம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் நாற்காலி நகரும் என்றேன். அவர் முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, கேசட்டோடு வரச் சொன்னார்.

அறிவுள்ளவன் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ராஜினாமா கொடுப்பான். நான் மேனேஜரைப் பார்த்த மறுநாளே கொடுத்தேன். கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம் என்று ஊரே அதற்குத் தவம் கிடந்த காலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியே ஓய்வு பெற்ற என் அப்பா, அந்த வேலைக்காக எத்தனை பேர் வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. வேலையை விடப்போகிறேன் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். தலைமைக் குமாஸ்தா யாழ்ப்பாணத்துப் பெரியவர். கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "என்ன சத்தம் எண்டு சொன்னனீர்?" என்று கேட்டார். "பேஸ்" என்றேன். கடிதத்தை மடித்தார். அடுத்த மாத முடிவோடு எனக்கு வேலை இல்லை. டிஸ்கோ கிடைக்காவிட்டால் ஒன்றுமே இல்லை.

இதற்கு நடுவில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கீபோர்டின் எட்டு எண்களில் ஒன்றாம் எண்ணில் அக்கா பூசையின் வருகைப் பாட்டுக்கான ஆர்கன் சத்தத்தை வைத்திருந்தாள். நான் என் பேஸை எதில் சேமிப்பது என்று யோசித்தேன். முதல் கலைஞனுக்கு முதல் எண்தானே பொருத்தம். தற்காலிகமாகத்தான், சனிக்கிழமை பழையபடி மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை கேசட் முடிந்த சந்தோஷத்தில் மறந்துபோனேன்.

பூசைக்கு என்னைப் போன்றவர்கள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. கடைசி பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவில், பாதி உள்ளே பாதி வெளியே. அங்கே நின்றிருந்தேன். மணி அடித்தது, சனம் எழுந்தது, அக்காவின் விரல் ஒன்றாம் எண்ணை நோக்கிப் போனது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "அக்கா" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கோயிலில் கத்துவது மரியாதையா? ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். நானும் ஓடத்தான் செய்தேன், எதிர்த்திசையில். விரல் பட்டனைத் தொடுமுன் நான் கதவைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடை வாசலில் நின்றேன். ஒரு லாரி போனது. லாரிச் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்திருக்கும். கிழவிகள் ஜெபமாலையை நழுவவிட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் பயத்துக்கு அடியில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் கூட்டாளியிடம், "ஜன்னலெல்லாம் ஆடிருச்சுலா. மாதா சுரூபம் ரெண்டு இஞ்ச் நகந்திருச்சு" என்று சொன்னேன். அவன் முருக பக்தன். இருந்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அதற்கு முன்னால், மத்தியானம், அக்கா வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் கீபோர்டு இல்லை.

"உபதேசியார் கீபோர்ட பூட்டி வச்சிட்டாரு. இனிமே நான் வாசிக்க வேணாமாம்" என்றாள்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்டது என்றும் கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்.

"நான்தான்னு சொல்லிட்டியா?"

"இல்ல. நான்தான் வீட்ல நோண்டிட்டு மறந்துட்டேன்னு சொன்னேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சோறு போட்டுக்கொண்டு, ஆட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை என்பதை இரண்டாம் முறை சோறு போடும்போதுதான் கவனித்தேன். அடுத்த வாரத்திலிருந்து உபதேசியாரின் மருமகன் கீபோர்டில் உட்கார்ந்தான். அவனுக்கு மூன்று கார்டு, அதாவது சுரக்கூட்டு, தெரியும், அதில் இரண்டு ஒன்று போலவே கேட்கும். அக்கா பெண்கள் வரிசையில் நின்று அந்த மூன்றுக்கும் சேர்ந்து பாடினாள்.

புதன்கிழமை வந்தது. டிஸ்கோவில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தரையில் தடித்த கம்பளம், சுவரில் வெல்வெட்டுத் துணி, குளிர்சாதனம் குளிரோ குளிர். வெளிநாட்டு ஸ்பீக்கர்கள் என்னைவிட உயரம். கூட்டாளியின் கல்யாணப் பெட்டிகளுக்கே கூரை பெயர்ந்ததென்றால் இவற்றுக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டேன். பார் மேடையில் மேனேஜர் வைத்திருந்த சோடா கிளாஸைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். இதை நான் நிஜமாகவே சொன்னேன்.

கேசட் ஓடியது. அடி வந்தது. மங்குத் தட்டல் வெகு துல்லியமாக வந்தது. பேஸ் வரவேண்டிய இடத்தில் மெலிதாக ஏதோ முனகியது. மேனேஜர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். சோடாவில் குமிழி வந்ததே தவிரக் கிளாஸ் அசையவில்லை.

"பேஸ் மானா?" என்று கேட்டார். பேஸ் எங்கே என்று.

வயரில் கோளாறு என்றேன். வயரை மாற்றினார்கள். இன்னும் சத்தம் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள், முனகலும் கூடியது. குளிரில் கேசட் நாடா சுருங்கியிருக்கும் என்றேன். குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். அந்த மனிதர் எனக்கு மூன்று வாய்ப்புக் கொடுத்தார், குறை சொல்லக்கூடாது. மூன்றாவது முறை முடிந்ததும் அருகில் வந்து தோளில் கை வைத்து, "கவான், இனி ஞாமோக்லா" என்றார். மலாயில் நண்பரே, இது கொசு என்று அர்த்தம். கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சோடாவையும் என்னையே குடிக்கச் சொன்னார். குடித்தேன். அந்த மாடிப்படியில் ஏறி வெயிலுக்கு வந்தபோது அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

வீட்டில் கேட்டவர்களிடம் ஸ்பீக்கர் சரியில்லை என்றேன். அறை சரியில்லை, கம்பளம் சத்தத்தைக் குடித்துவிட்டது என்றேன். அக்கா மட்டும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். பிறகு, "சனிக்கிழமை ஒன்னோட நானும் வாரேன். அந்த எடத்த நான் பாக்கணும்" என்றாள்.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, தலைமைக் குமாஸ்தாவின் மேசைக்குப் போய் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் லாச்சியைத் திறந்தார். இழுப்பறையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மடித்தது மடித்தபடி உள்ளே என் கடிதம்.

"நான் இதை மேல அனுப்பேல்லைத் தம்பி. சத்தம் போடப் போறனெண்டு எழுதிற ஆக்களின்ர கடிதத்தை நான் ஒரு மாசம் இதுக்குள்ளதான் வைக்கிறனான்" என்றார்.

"நன்றி சார்" என்றேன்.

"நன்றி கிடக்கட்டும். அந்த மூண்டு கட்டுக் கோப்புக்கும் நம்பர் போடும்."

சனிக்கிழமை தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸில் பொட்டலம் இல்லாமல், அக்காவோடு ஏறினேன். டிக்கெட் அண்ணன் அவளைப் பார்த்து, "கூட்டிட்டுப் போறீங்களா?" என்று அனுதாபத்தோடு கேட்டார். "ஆமாண்ணே" என்றாள் அவள்.

கூட்டாளி புகைவீட்டைத் திறந்து பெட்டிகளை இணைத்து வைத்திருந்தான். அதே கேசட். போட்டதும் பழையபடி உறுமல், படபடப்பு, தலையில் கரி. "கேட்டியா? இதுதான் என் பேஸ். அங்க ஸ்பீக்கர்தான் கோளாறு" என்றேன்.

அக்கா ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தாள். நடு அறையில் நின்றாள். ஒரு சட்டத்தில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கேசட் பெட்டியருகே வந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடித்து ஒரு நூல் அளவு திருப்பினாள். பாட்டு கொஞ்சம் மெதுவாயிற்று, சுருதி ஒரு பிசிறு இறங்கியது. அவ்வளவுதான். உறுமல் நின்றுபோனது. கரி கொட்டுவது நின்றது. அடியில் மெலிதாக ஒரு முனகல் மட்டும் ஓடியது. டிஸ்கோவில் கேட்ட அதே முனகல். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். கூரை மறுபடி உறுமியது. மறுபடி திருப்பினாள். நின்றது.

"இது ஒன் சத்தம் இல்லடா. இந்த எடம் அந்த ஒரு சுரத்துக்குத்தான் ஆடுது. தகரமும் பலகையும் சேந்து வாசிக்குது, நீ அதக் கேட்டுட்டு நான் வாசிச்சேங்கிறே" என்றாள்.

"நான் மொதல்லயே சொன்னேன்லா, கூரை நல்லா வாசிக்குதுன்னு" என்றான் கூட்டாளி. அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்தினான். அது இன்னும் வலித்தது.

நான் மூன்று அடுக்கு செய்ததாக நினைத்தேன். நான்காவது அடுக்கைக் கூரை போட்டது, அதில்தான் கனம் முழுவதும் இருந்தது. அது கூடச் சேர்ந்து வாசித்ததால் என் அடி அலை எவ்வளவு நோஞ்சான் என்று எனக்குத் தெரியவே இல்லை. கம்பி வழியாகச் சுத்தமாகப் பதிந்தபோது கூரையை வெளியே நிறுத்திவிட்டேன். ஜிக்கு இயற்கையில் பாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எவனோ ஒரு தச்சன் சீட் காயவைக்க அந்த அறைக்குக் கொடுத்த நீள அகலம் ஜிக்குப் பொருந்திப்போயிருந்தது. அவன் பெயரைத்தான் கேசட்டில் எழுதியிருக்க வேண்டும்.

"கோயில்லயே எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "அன்னிக்கு நான் அமுக்குனப்ப கொசு மாதிரி நொய்ங்குன்னு ஒண்ணு வந்துச்சு. சனமெல்லாம் சிரிச்சிருச்சு. அதான் உபதேசியாருக்குக் கோவம். இவன் இத நம்பியா வேலைய விடப் போறான்னு எனக்குப் பயமாப் போச்சு."

மேனேஜர் கொசு என்று சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டது பாதி அதட்டலாகவே வந்தது. கெட்ட பழக்கம்.

"நீ வெளிய ஓடிட்டியே. வந்தும் ஒண்ணும் கேக்கல. நான்தான்னு சொல்லிட்டியான்னுதான் கேட்டே."

ஜன்னல் ஆடவில்லை. மாதா நகரவில்லை. நூறு பேர் சிரித்த சிரிப்பை அவள் ஒருத்தியாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கியிருக்கிறாள். நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் என் பேஸின் லட்சணம் மூன்று வாரத்துக்கு முன்பே, இலவசமாக, எனக்குத் தெரிந்திருக்கும். அவளை மாட்டவிட்டு ஓடினேன், என் காதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். வெட்கம் என்ற வார்த்தையை நான் அதற்கு முன்பும் பயன்படுத்தியிருக்கிறேன். அன்றுதான் அது என்னவென்று தெரிந்தது.

திங்கட்கிழமை வேலை விட்டதும் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். கீபோர்டை எடுத்துப் போனது நான், சத்தத்தை மாற்றியது நான், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நின்றபடியே ஒப்பித்தேன். அவர் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்லா" என்றார். "ஒங்க அக்காவுக்குப் பொய் சொல்ல வராது."

"தெரிஞ்சுமா நிறுத்துனீங்க?"

"கோயில்ல பொய் சொன்னுச்சு, அதுக்கு நிறுத்துனேன். ஓடுனவனுக்கு என்ன பண்றதுன்னுதான் யோசிச்சிக்கிட்டிருந்தேன். டிஸ்கோல அதையும் பண்ணிட்டாங்களாமே."

ஊருக்குள் செய்தி தெரிந்திருக்கிறது. நான் திரும்பி நடந்தபோது பின்னால் கூப்பிட்டார். ஈஸ்டர் பூசைக்கு அக்காவை வாசிக்கச் சொன்னார். மருமகன் மூன்று கார்டுக்கு மேல் போகமாட்டேன் என்கிறான், அல்லேலூயாவுக்கு நான்காவது வேண்டும் என்றார்.

ஈஸ்டர் காலையில் அவள் வாசித்ததைப் பற்றி நான் பெரிதாக எழுத முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். ஒன்றாம் எண்ணில் ஆர்கன் பழையபடி இருந்தது. அவளுடைய இடது கை கீழே போன இடங்களில், மூன்று அடுக்கும் இல்லாமல், ஒரே ஒரு சத்தத்தில், பெஞ்சுப் பலகை லேசாக அதிர்ந்தது. மூன்று மாதம் நான் தேடியது அதைத்தான்.

பூசை முடிந்து சனம் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தது. அக்கா கீபோர்டை அணைக்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் கை எட்டாம் எண்ணுக்குப் போனது. என் பேஸை அவள் அழிக்கவில்லை, அங்கே மாற்றி வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. கீழே ஜியை அழுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. கதவு எனக்கு மூன்றடி தூரத்தில் திறந்துதான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் விரலை எடுக்கும்வரை உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

கொசுதான்.